ஐந்தாவது கடை

பேச்சியம்மாள் என்கிற என் அம்மாவுக்கு இன்றைக்கு நான் செய்த அநியாயம் இதுதான்: சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை, "அஞ்சு நிமிஷத்துல கடை வந்துரும், போட்டுக்கம்மா" என்று சொல்லிப் போட வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சோற்றைக் கண்ணில் காட்டாமல் சிங்கப்பூர் வெயிலில் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு மணி நேரம்கூட இல்லை, ஐம்பது நிமிடம். பார்த்தாயா தமிழரசி, தப்பை ஒப்புக்கொள்ளும்போதே பத்து நிமிடத்துக்கு வழக்காடுகிறாய், பல்கலைக்கழக விடுதியில் உன்னை வக்கீல் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஐம்பதோ அறுபதோ, எதிரே அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையாலும் கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு, கரையாத சீனி அடியில் கிடக்கும் பால் தேநீரை மருந்து மாதிரி விழுங்குகிறாள். உதடு இன்னும் வெளுத்திருக்கிறது. குவளை பல்லில் படும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது, கொஞ்சம் முன்னால் வரை டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. சோறு சொல்லியாயிற்று, வரவில்லை. மேசை நடுவில் ஒரு சாம்பல் கிண்ணம். தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் புகைக்கலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஆக, தேடிய இடம் கிடைத்துவிட்டது. வாழ்த்துகள், தமிழரசி. பைக்குள் அந்தச் சிகரெட் பெட்டி தொடையில் இடிக்கிறது. எடுத்துப் பற்ற வையேன் பார்ப்போம்.

இதற்குத் திட்டம் போட்டவள் நான், சாதாரணத் திட்டமா அது. இந்த ஊரில் கண்ட இடத்தில் பற்ற வைக்க முடியாது. நடைபாதை ஆகாது, பேருந்து நிறுத்தம் ஆகாது, பூங்கா ஆகாது, தங்கியிருக்கிற ஓட்டல் அறைக்கதவில் சிவப்புக் கோடு போட்ட படம். நேற்று கருத்தரங்கு இடைவேளையில் ஒரு மஞ்சள் கட்டத்தைக் கண்டுபிடித்து, பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி கோட்டை மிதிக்காமல் உள்ளே போய் நின்று ஒன்று பிடித்தேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிம்மதியை நான் எப்படிச் சொல்ல? மதுரையில் பல்கலைக்கழக வாசல் பெட்டிக்கடையில் கயிறு நாள் முழுக்கக் கனன்றுகொண்டு தொங்கும், எவன் வேண்டுமானாலும் குனிந்து பற்ற வைத்துக்கொள்வான், சட்டமாவது ஒன்றாவது. அந்தக் கயிற்றுப் பக்கம் நான் ஒரு தடவை குனிந்தபோது கடை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டது. பஜ்ஜி போடுகிறவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். அங்கே சட்டம் தடுக்காததைக் கண்கள் தடுக்கின்றன, இங்கே கண்கள் தடுக்காததைச் சட்டம் தடுக்கிறது, இரண்டில் எது மேல் என்று என்னிடம் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவேன். பேசியும் விட்டேன். நேற்று நான் வாசித்த கட்டுரையே தேநீர்க் கடைகளில் பெண்கள் நிற்க முடியாமல் போவது பற்றித்தானே. அம்மா கடைசி வரிசையில் புதுப் பட்டுச் சேலையில் உட்கார்ந்து, எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு தனியாக நாலு தட்டுத் தட்டினாள். "ஒண்ணும் வெளங்கல அரசி, ஆனா ஒரு எடத்துலயும் திக்கல" என்றாள். பொதுவெளியில் பெண் ஒளிந்து நிற்க வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் திக்காமல் சொன்னவள்தான் இன்று அம்மாவுக்குத் தெரியாமல் ஒளிந்து நிற்க ஒரு சுவர் தேடினேன். திட்டம் இதுதான்: உள்ளே குளிர்சாதனம், வெளியே புகைக்கும் மூலை, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி இல்லாத சுவர். அம்மாவை உள்ளே உட்கார வைத்துச் சாப்பாடு சொல்லிவிட்டு, "ஒரு போன் பேசிட்டு வாரேம்மா" என்று வெளியே வர வேண்டும். பழைய உரிமத்தில் இன்னும் புகை மூலை வைத்திருக்கிற சாப்பாட்டுக் கடைகள் என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் பட்டியல் போட்டிருந்தான். அதில் ஐந்து பக்கத்துப் பக்கத்தில். காலையில் அம்மா குளிக்கும்போது ஐந்தையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். என் ஆய்வுக்குக்கூட நான் இவ்வளவு அக்கறையாகக் களப்பணி செய்ததில்லை.

மாத்திரை போட்டது ரயில் நிலைய வாசல் பெஞ்சில், பன்னிரண்டே கால். அம்மாவின் வயிறு மணி பார்த்து நடப்பது. இருபத்தாறு வருஷம் அருப்புக்கோட்டை ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாக வேண்டும். இந்த ஊர் வந்தும் பன்னிரண்டுக்கே கேட்டுவிட்டாள், "மாத்திரை போட்டுக்கிடவா?" என்று. போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும், டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவளே நான்தான். பிஸ்கட்டும் மிட்டாயும் எப்போதும் அவளுடைய கட்டைப்பையில் கிடக்கும். அந்தப் பையைக் காலையில் நான்தான் அறையிலேயே வைக்கச் சொன்னேன். "இந்த ஊர்ல ரயிலுக்குள்ள ஒரு வாய் தின்னாலும் அபராதம்மா, எதுக்கு வம்பு." எனக்கு வேண்டியபோது சட்டத்தைத் திட்டுவேன், வேண்டியபோது சட்டத்தைக் காட்டி மிரட்டுவேன். உண்மையில் அந்தப் பை எனக்கு அசிங்கமாக இருந்தது, ஜவுளிக்கடைப் பெயர் போட்ட பை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லு, சொல்லு. முதல் கடையில் புகை மூலை இருந்த இடத்தில் இப்போது பூந்தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நாலே பேர். "கூட்டமா இருக்கும்மா" என்றேன். அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். "எங்கத்தா கூட்டம்? நம்ம ஊரு தியேட்டரு மாதிரி ஈயாடுது." "முன்பதிவு பண்ணியிருப்பாங்கம்மா, உனக்குத் தெரியாது." உனக்குத் தெரியாது என்ற சொல் எவ்வளவு வசதியானது, ஒன்பதாம் வகுப்போடு நின்றவளிடம் ஆராய்ச்சி மாணவி சொல்லும்போது. அம்மா சரி என்று நடந்தாள்.

இரண்டாவது கடையில் மூலை இருந்தது. ஆனால் உள்ளே எந்த மேசையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி முழுக் கண்ணாடி. வாசலில் மிளகாய்ச் சம்பல் வறுபடுகிற வாசனை, அம்மா மூக்கை உறிஞ்சி, "நல்லாருக்கே, இங்கனயே சாப்புட்ருவோமா" என்றாள். நான் என்ன சொன்னேன்? "மாட்டுக்கறியும் ஒரே கரண்டில போடுவாங்க போலம்மா." அம்மா இரண்டடி பின்னால் வந்துவிட்டாள். பல்கலைக்கழக விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுக்கறி கேட்டு மூன்று நாள் போராட்டத்தில் உட்கார்ந்தவள் நான், அவரவர் தட்டு அவரவர் உரிமை என்று தொண்டை கிழியக் கத்தி அட்டை பிடித்தவள். அந்த மாட்டுக்கறியை எடுத்து அம்மாவை ஒரு கடையிலிருந்து விரட்டப் பயன்படுத்தினேன், ஒரு சிகரெட்டுக்காக. அன்றைக்கு என் பக்கத்தில் அட்டை பிடித்த ஜெனிட்டா கேட்டால் மூஞ்சியில் துப்புவாள். சரி, ஜெனிட்டா கிடக்கட்டும், எதற்கு இந்த ஒளிப்பு என்று நானே என்னைக் கேட்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாளைக்குப் பத்துப் பிடிக்கிறார். அம்மாதான் சாம்பல் தட்டத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்து வைக்கிறாள், அம்மாதான் கொட்டிக் கழுவி வைக்கிறாள். அவருக்குக் கூடம், எனக்குக் கடல் தாண்டி ஒரு மூலையா? இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது, நியாயமான கோபம்தான், இதில் ஒரு எழுத்தைக்கூட நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் பத்தாவது படிக்கும்போது திருச்செந்தூர் போகிற வழியில் அப்பா பேருந்தை விட்டு இறங்கிப் பிடித்துக்கொண்டே நின்றதில் வண்டி அவரை விட்டுவிட்டு எங்களோடு போய்விட்டது. நானும் அம்மாவும் எட்டயபுரத்தில் இறங்கி, வெயிலில் அவருக்காகக் காத்துக் கிடந்தோம். வந்ததும் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "உங்க ஒரு சிகரெட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் பட்டினியா நிக்கணுமா?" அம்மா என் வாயைப் பொத்தினாள். வாதம் என்று நான் முதன்முதலாக ஜெயித்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு அம்மா மாத்திரை போடுகிறவள் இல்லை, அந்த வகையில் அப்பா என்னைவிட யோக்கியர்.

மூன்றாவது கடை. இதற்குத்தான் வந்தாக வேண்டும், சுற்றிச் சுற்றி இதைத்தான் தாண்டிப் போகிறேன். மாடியில் இருந்தது, பதினைந்து படி. அம்மாவைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு மேலே போய், வாசலில் நின்ற பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டேன். போன மாதமே எடுத்துவிட்டார்கள் என்று சிரித்தபடி சொன்னாள். கடை நன்றாக இருந்தது, காலி மேசை இருந்தது, ஒரு கிழவர் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தயிர்ச்சோறு. நான் திரும்பினேன். படியின் மேலிருந்து கீழே பார்த்தபோது அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்துக்கொண்டு என்றால் சாதாரணமாக அல்ல, ஓடுகிற பேருந்தில் பிடிப்பது மாதிரி. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. வெயில்தான் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் எல்லாருக்கும்தானே வியர்க்கிறது. ஆனால் அம்மா பேசவில்லை. "இங்கன என்ன கொறச்சல்?" என்று கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அவளே சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று: "அழுகுற புள்ளைக்குக்கூட அவசரமில்லத்தா, பேசாம ஒரு எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கும் பாரு, அதுக்குத்தான் மொதத் தட்டு." அம்மா பேசாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன், பார்த்துவிட்டு எதை எடுத்தேன்? போனை. நாலாவது கடைக்கு நாலு நிமிட நடை என்று நீலப் புள்ளி காட்டியது. "இன்னும் ரெண்டே நிமிஷம்மா" என்றேன், அதிலும் பாதியைக் குறைத்து. அம்மா கம்பியை விட்டாள். விடுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடி என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நாலாவது கடை பூட்டியிருந்தது, மராமத்து. எனக்கு வந்தது கோபம், அதுவும் பட்டியல் போட்டவன் மேல். பூட்டிய கடையைப் பட்டியலில் வைத்திருக்கிறானே என்று முகம் தெரியாதவனோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே முன்னால் நடந்தேன். அம்மா பின்னால் வந்தாள். அந்தத் தெருவில் மட்டும் இரண்டு சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டினோம், அவை பட்டியலில் இல்லை. ஐந்தாவது கடை திருப்பத்தில் தெரிந்தபோது, வெளியே குடை விரித்த மேசை, மஞ்சள் கோடு, ஆஹா, புகை மேலே போகிறது, எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குதி. பின்னாலிருந்து அம்மா, "புள்ளைங்கள்லாம் தட்டோட உக்காந்துருச்சுகளா?" என்றாள். திரும்பினேன். "எந்தப் பிள்ளைங்கம்மா?" "மணி அடிச்சாச்சே டீச்சர், சாம்பாரு இன்னும் எறக்கல." என்னைத்தான் டீச்சர் என்றாள். என் முகத்தைப் பார்த்து என்னைத் தெரியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இந்த ஊரின் அத்தனை சத்தமும் நின்று போய், என் காதுக்குள் ஙொய் என்று ஒன்று. பிறகு முழங்கால் மடங்கியது. நான் இடுப்பைப் பிடிக்க, கிடைத்த முதல் நாற்காலியில் சரிந்தாள். கோட்டுக்கு உள்ளே, புகைக்கிற மேசை. அங்கே தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், டாக்சி ஓட்டுகிறவராம், சுப்பையா என்று பெயர், அவர்தான் சிகரெட்டை நசுக்கிவிட்டு எழுந்தார். "சுகரா? மாத்திரை போட்டாங்களா? எப்போ?" நான் சொன்னதும் தன் தேநீரில் மூன்று பொட்டலம் சீனியைக் கிழித்துக் கொட்டி அம்மா வாயில் வைத்தார். "முழுங்கும்மா, முழுங்கு." கைக்குட்டையால் புகையை விசிறினார். ஒரு வாரக் கருத்தரங்கில் முப்பது கேள்வி கேட்ட எனக்கு, தண்ணீர் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

இப்போது அம்மாவின் கண் தெளிந்துவிட்டது. என்னைப் பார்க்கிற பார்வை என்னைத் தெரிந்த பார்வை. தட்டு வந்தது, சோறும் மீன் குழம்பும். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிசைகிறாள், முதல் கவளம் போனதும் தோள் இறங்குகிறது. பக்கத்து நாற்காலியில் சுப்பையா, இந்த ஊர் 'லா'வும் சேர்த்து, என்னை விட்டபாடில்லை. "படிச்ச புள்ள மாதிரி இருக்க. அம்மாவ இந்த வெயில்ல இப்படி நடக்க வைப்பியா? இந்த வட்டாரத்துல தடுக்கி விழுந்தா சாப்பாட்டுக் கடை லா." நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கவளத்தை விழுங்கிவிட்டுச் சொல்கிறாள்: "பாவம்ண்ணே, அவளை வையாதீக. எனக்கு ஒத்துக்கிற சாப்பாடா இருக்கணும்னு ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிச்சு. மாட்டுக்கறி கலந்துரும்னு ஒரு கடைய வேணாம்னுருச்சு, பாருங்க, அம்புட்டுக் கவனம். நாந்தான் சொல்லாம வந்துட்டேன்." அவர் என்னைப் பார்க்கிறார். முகம் மாறுகிறது, நல்ல பிள்ளையைத் திட்டிவிட்டோமே என்று. "அப்படியா? சாரி மா" என்று என் தலையைத் தொட்டுவிட்டு, அம்மாவிடம், "இங்க புகை வரும், உள்ள போய் உக்காருங்க" என்கிறார். "இருக்கட்டும்ண்ணே, எங்க வீட்லயும் இதே வாடைதான்." அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுக்கப் போய்விட்டார். போய்விட்டார், நீ தப்பித்தாய், வாயை மூடிக்கொண்டிரு, யாருக்கும் தெரியாது, அம்மாவே சாட்சி சொல்லிவிட்டாள். இப்படியே ஊருக்குப் போனால் அரிசிக்கடைவரைக்கும் சொல்வாள், எம்மக எனக்காக அஞ்சு கடை ஏறி எறங்கிச்சு என்று. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

"அம்மா, நான் சாப்பாடு தேடலை" என்று சொல்லிவிட்டேன். அம்மா முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "சிகரெட் பிடிக்க இடம் தேடினேன். நான் பிடிப்பேம்மா. நாலு வருஷமா. உன்னை உள்ள உக்கார வச்சுட்டு வெளிய வந்து பிடிக்கிற மாதிரி கடை வேணும்னு... அதான் எல்லாக் கடையையும் வேணாம்னேன். மாட்டுக்கறியெல்லாம் பொய்." இனி என்ன கேட்டாலும் பதில் இருக்கிறது. பொம்பளப் பிள்ளை பிடிக்கலாமா என்றால் அப்பாவுக்குச் சிரட்டை வைத்தது யார் என்பேன். உடம்பு கெடும் என்றால் என் உடம்பு என்பேன். ஊர் என்ன சொல்லும் என்றால் நேற்றைய கட்டுரை முழுவதையும் தமிழில் சொல்வேன். எல்லாம் வரிசையாக நாக்கில் நிற்கின்றன. அம்மா முள்ளைத் தட்டோரம் வைத்தாள். இன்னொரு கவளம் சாப்பிட்டாள், அவசரமே இல்லாமல். "உங்கப்பாகிட்ட அந்தச் சண்டை போட்டியே" என்றாள், அதைக்கூடக் கேள்வியாகக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாள். "நீ சிகரெட் குடிக்கிறதப் பத்தி ஊருக்குப் போயிப் பேசுவோம். அதுக்கு நீ நூறு நாயம் வச்சிருப்ப. எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மாடிக்கடையில நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்ல. நீ மேல நின்னு பாத்த. எனக்கு முடியலைன்னு உனக்குத் தெரிஞ்சுச்சா, தெரியலையா?" வெயில் என்று சொல்லலாம். நான் டாக்டர் இல்லை என்று சொல்லலாம். தெரிவது என்றால் என்ன, சந்தேகப்படுவது தெரிவதாகுமா, கண்ணால் பார்ப்பதும் அறிவதும் ஒன்றா, இதில் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதலாம். நீ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அவள் மேலேயே திருப்பலாம், அதற்கும் எனக்குத் தெம்பு உண்டு. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எச்சில் கையைத் தட்டுக்கு மேலே அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள், காலையில் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று பார்க்கிற அதே பார்வை, இந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்லித் தப்பித்த ஒரு பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்காது.

"தெரிஞ்சுச்சும்மா" என்றேன்.